முயற்சிக்குப் பாதி தண்டனை

நம் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிடுவதில்லை. உட்பிரிவு என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அந்த அளவுக்கு மரியாதை உண்டு. சட்டத் துறையில் மசோதா எழுதுவது அவருடைய உத்தியோகம். காய்கறி வண்டிக்காரர் தக்காளி வேண்டுமா என்று கேட்டால், "பழுத்திருந்தா, அழுகினது நீங்கலா, அரைக் கிலோ" என்று சொல்லிப் பையை நீட்டுவார். மனைவி கோபித்துக்கொண்டால், "உன் குற்றச்சாட்டுல ரெண்டு பகுதி இருக்கு" என்று ஆரம்பிப்பார். இரண்டாவது பகுதிக்கு அவர் வருவதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டிருப்பாள்.

தனக்கு இப்படியொரு பட்டப்பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். வருத்தமில்லை. இத்தனை வருட சர்வீஸுக்கு ஒரு முழுப் பிரிவாகக்கூட மதிக்காமல் உட்பிரிவாக்கிவிட்டார்களே என்பதுதான் லேசான குறை.

இந்த வருடம் அவர் மேசைக்கு வந்தது கொஞ்சம் பெரிய சமாசாரம். கணினியையும் கைபேசியையும் வைத்துக்கொண்டு செய்கிற குற்றங்களுக்கு மாநிலத்துக்கென்று ஒரு தனிச் சட்டம். பொய் இணைப்பை அனுப்பி ஏமாற்றுவது, அடுத்தவர் முகத்தை எடுத்து வேறு உடம்பில் ஒட்டுவது, குரலைத் திருடிப் பேசுவது, ஒருவர் படத்தை அவரைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் அனுப்புவது என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவர் உயிரைக் கொடுத்து எழுதியது பதினோராம் பிரிவை. ஒருவருடைய கைபேசியை அவருடைய வெளிப்படையான அனுமதி இல்லாமல் இன்னொருவர் திறந்தால் குற்றம். திறந்தால் முழுத் தண்டனை. திறக்க முயன்றால் பாதி. ஒரு முறை கொடுத்த அனுமதி அந்த ஒரு முறைக்குத்தான். ஒன்றைப் பார்க்கக் கொடுத்த அனுமதி இன்னொன்றைப் பார்க்கச் செல்லாது.

முதல் வரைவில் ஒரு விலக்கு இருந்தது. குடும்ப உறுப்பினர் நல்லெண்ணத்தோடு திறந்தால் குற்றமாகாது என்று. அதை அடித்தவரும் அவர்தான். பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட கூட்டத்தில் ஒரு பெண் கண்டக்டர் எழுந்து பேசினார். தினமும் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் போனைக் கணவர் கையில் கொடுக்க வேண்டுமாம். "எனக்கு ரகசியம்னு ஒண்ணும் கிடையாது சார். ஆனா கிடையாதுங்கிறதை நான் தினம் தினம் நிரூபிச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார். உட்பிரிவு அன்று மாலையே சிவப்புப் பேனாவை எடுத்து அந்த விலக்கின் மேல் ஒரு கோடு இழுத்தார். செயலாளர், "வீட்டுக்குள்ள எல்லாம் போகணுமாய்யா?" என்று கேட்டதற்கு, "குற்றம் அங்கதான் சார் இருக்கு" என்றார். அந்த வசனம் அவருக்கே பிடித்துப்போய், வீட்டில் சாப்பிடும்போது இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, அவர் வீட்டின் வழக்கம். அந்த வீட்டில் எல்லாருடைய போனையும் திறக்க ஒரே எண். மகள் பிறந்த தேதி. மனைவியின் விரல் ரேகை அவர் போனில் இருக்கிறது. அவருடையது மனைவியின் போனில். மாமியாரின் மருத்துவமனை முன்பதிவு முதல் மச்சானின் ரயில் டிக்கெட் வரை அவர்தான் உள்ளே புகுந்து போடுவார். வீடு மட்டும் என்றில்லை. கட்டடமே அப்படித்தான். கீழ்த்தளத்து மருந்துக்கடை அக்கா, "அண்ணே, இதுல என்னமோ கேக்குது, ஆமான்னு சொல்லவா இல்லன்னு சொல்லவா?" என்று போனைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு மாத்திரை எண்ணப் போய்விடுவார். மாடி வீட்டுக்காரர்கள் துணி காயப்போட வரும்போது எண்ணைச் சொல்லிப் போனை விட்டுவிட்டுப் போவார்கள். பதினோராம் பிரிவை எழுதி முடித்த அன்று, காலையில் பல் தேய்ப்பதற்குள் தான் எத்தனை குற்றங்கள் செய்திருப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். தன் சட்டம் தன்னை மாதிரி ஆட்களுக்கு இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். சட்டம் எழுதுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

இந்த ஒற்றுமையான வீட்டில் மகள் மட்டும் ஒரு நாள் தன் போனைத் திறக்கிற எண்ணை மாற்றிவிட்டாள்.

மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலை. வயது இருபத்தாறு. கொஞ்ச நாளாகப் போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு மிச்சம் இருந்தது. என்னம்மா என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை சொல்றேன்பா, இன்னும் முடிவாகல" என்றாள். உட்பிரிவுக்கு ஞாயிற்றுக்கிழமை ரொம்பத் தூரத்தில் இருந்தது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியவர் மருந்துக்கடை அக்கா. அவர் எதையும் நேராகச் சொல்பவர் அல்ல.

"அண்ணே, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பொண்ணு நேத்து முனையில ஒரு ஆளோட பேசிட்டிருந்துச்சு."

"யாரு?"

"தெரியலையே. கடைசி வரைக்கும் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. நானும் எட்டிப் பாக்குற ஆளு இல்ல, உங்களுக்கே தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கையில எதையோ காட்டிக் காட்டிச் சிரிச்சாங்க. பையன் நல்ல உயரம். தோள்பட்டை அகலம். கல்யாணத்துக்கு சட்டை தைச்சா துணி ஜாஸ்தியாகும்."

எட்டிப் பார்க்காதவருக்குத் தோள்பட்டை அளவு தெரிந்திருந்தது. உட்பிரிவு அதைக் கேட்கவில்லை. அவருடைய மனதுக்குள் அதற்குள் கல்யாணப் பத்திரிகையே அச்சாகிவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் மகள் போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி இன்னும் வரவில்லை. உட்பிரிவு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் ஒரு தடவை அதிர்ந்தது. பேப்பரை மடித்தார். இன்னொரு தடவை அதிர்ந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி நடந்து, போன் பக்கத்தில் நின்றார். மனதுக்குள் வழக்கம்போல வரைவு ஓடியது. (அ) நான் தகப்பன். (ஆ) அவள் என் மகள். (இ) ஆகவே. இந்த 'ஆகவே'க்குப் பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கை போனை எடுத்துவிட்டது.

முதலில் மகள் பிறந்த தேதி. திறக்கவில்லை. அது எதிர்பார்த்ததுதான். அடுத்து என்ன போட்டிருப்பாள் என்று யோசித்தார். யோசித்தவருக்கு முகம் மலர்ந்தது. தன்னுடைய பிறந்த தேதியைப் போட்டார். அதுவும் இல்லை என்றது போன். மூன்றாவதாகத் தங்கள் கல்யாண நாளைப் போட்டார், அதுவும் தயங்கித் தயங்கி, அது எந்தத் தேதி என்பதில் அவருக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்ததால். போன் ஒரு சின்ன ஒளியை முகத்தில் அடித்துவிட்டு இருண்டது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டு நாற்காலிக்கு வந்து பேப்பரைப் பிரித்தார். தலைகீழாகப் பிரித்திருந்தார் என்பதை மகள் உள்ளே போன பிறகுதான் கவனித்தார்.

அந்த ஒளி என்ன என்பது சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது. மகள் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து, அவரைப் பார்க்கும்படி வைத்தாள். திரையில் ஒரு மனிதர். கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருக்கிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. புருவம் இரண்டும் அழப்போகிற குழந்தையுடையது மாதிரி மேலே போயிருக்கிறது. திருடன் முகம் என்று எந்தப் போலீஸும் சொல்லாது. பிறந்தநாளை வீட்டில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஆளின் முகம் அது.

"மூணு தடவை தப்பா அடிச்சா, அடிக்கிற ஆளைப் படம் பிடிச்சு வச்சுக்கும்" என்றாள் மகள்.

"இப்படியெல்லாம் இருக்கா?" என்றார், குரலைச் சாதாரணமாக்கி.

"நீங்கதானேப்பா சொன்னீங்க. சட்டத்தோட மக்களுக்குக் கொடுக்கப்போற கையேடுன்னு சாப்பிடும்போது படிச்சுக் காட்டினீங்க. உங்கள் கருவியை யாராவது திறக்க முயன்றால் கண்டுபிடிக்க உதவும் எளிய வழிகள். நான் அன்னைக்கே போட்டுட்டேன்."

யாரும் காதில் வாங்கவில்லை என்று அவர் வருத்தப்பட்ட சாப்பாடு அது. ஒருத்தி வாங்கியிருக்கிறாள்.

மனைவி எட்டிப் படத்தைப் பார்த்தாள். சோற்றை விழுங்கிவிட்டுச் சிரிக்கலாம் என்று நினைத்திருப்பாள், முடியவில்லை. புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்து மறுபடி பார்த்து மறுபடி சிரித்தாள்.

"என்னங்க இது, பல் டாக்டர்கிட்ட போன மாதிரி."

"நான் ஒண்ணும் திறக்கல" என்றார் உட்பிரிவு.

"முயற்சி பண்ணீங்க. அதுக்குப் பாதி தண்டனைன்னு எழுதினது யாரு?"

"சட்டம் இன்னும் அமலுக்கு வரல. வர்றதுக்கு முன்னால செஞ்சதுக்குத் தண்டிக்க முடியாது."

"ஓ. அதான் வர்றதுக்குள்ள அவசரமா செஞ்சு முடிச்சிட்டீங்களா?"

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உங்ககிட்டதான் முதல்ல சொல்லலாம்னு இருந்தேன். இனிமே அம்மாகிட்ட சொல்லிக்கிறேன். என் விஷயம் எதுவா இருந்தாலும் இனி அம்மாகிட்டதான். உங்களுக்கு என்ன தெரியணுமோ அதை அவங்க சொல்லுவாங்க."

குரலை உயர்த்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. படாரென்று சாத்தியிருந்தால் உட்பிரிவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கு ஒரு பதில் சொல்லலாம்.

மனைவி அந்தப் படத்தை மகளிடம் கேட்டு வாங்கித் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை தன் பங்குக்கு யாருக்கோ அனுப்பினாள். மறுநாள் காலையில் மருந்துக்கடை அக்கா அவரைப் பார்த்ததும் சட்டென்று குனிந்து இருமல் மருந்துப் பாட்டில்களை நேராக்க ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது. தெருவில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் யாருமில்லை. பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டவரும் யாருமில்லை. ஒருவர் படத்தைக் கேட்காமல் அனுப்புவது பன்னிரண்டாம் பிரிவில் வரும். அந்தக் கணக்கில், ஒரே சாயங்காலத்தில் அவரையும் சேர்த்து மொத்தத் தெருவும் உள்ளே போக வேண்டியிருந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

ஆனால் மகள் பேசவில்லை. "அப்பாவுக்குத் துண்டு வேணுமாம்மா?" என்று அவர் எதிரிலேயே அம்மாவிடம் கேட்டாள். அவர் "வேணும்" என்றால், அம்மா "வேணுமாம்" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் துண்டு வந்தது. ஒரு வீட்டில் மொழிபெயர்ப்பாளர் வைத்து வாழ்வது எவ்வளவு சங்கடம் என்று வியாழக்கிழமை முழுக்க அவருக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மசோதா ஆய்வுக் குழுவுக்கு வந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாகப் பார்க்கிற கூட்டம். வெளியார் யாருக்கும் அனுமதி இல்லை. அதில் தாடிக்கார உறுப்பினர் ஒருவர் குடும்ப விலக்கைத் திரும்பக் கொண்டுவரப்போகிறார் என்று பேச்சு. உட்பிரிவு அன்று காலை அலுவலகத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய், தானே உட்கார்ந்து ஒரு பக்கம் தட்டச்சு செய்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தான் அடித்த அதே விலக்கு, முன்னைவிட நேர்த்தியாக. பெற்றோர், தம் பிள்ளையின் நலன் கருதி, நல்லெண்ணத்துடன், வயது வரம்பின்றி. 'வயது வரம்பின்றி' என்பதை எழுதும்போது அவருக்கே லேசாகக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் நிறைவேறிவிட்டால் வீட்டில் நிமிர்ந்து உட்காரலாம். பார்த்தாயா, நான் செய்தது குற்றமே இல்லை, சட்டமே சொல்லிவிட்டது என்று சொல்லலாம். மகளிடம் தோற்றுப்போன ஒரு வாக்குவாதத்தை ஜெயிக்க மாநிலம் முழுவதுக்கும் ஒரு சட்டத்தைத் திருத்துவது கொஞ்சம் அதிகப்படி என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

நீளமான மேசை. ஒரு முனையில் குழுத் தலைவி, மூக்கு நுனியில் கண்ணாடி. இந்தப் பக்கம் உறுப்பினர்கள். ஓரத்தில் பேச்சைக் குறிப்பெடுக்கிற சுருக்கெழுத்தம்மா; அவர் மருந்துக்கடை அக்காவின் நாத்தனார் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பதினோராம் பிரிவு வந்ததும் தாடிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"பெத்தவன் பொண்ணு போனைப் பாத்தா ஜெயிலா? இந்தச் சட்டத்தை எழுதினவருக்குக் குடும்பம் இருக்கா இல்லையா?"

தலைவி உட்பிரிவைப் பார்த்தார். "துறை என்ன சொல்லுது?"

உட்பிரிவு எழுந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மடித்த காகிதம் விரலில் தட்டுப்பட்டது. எடுத்து நீட்டினால் முடிந்தது. தாடிக்காரர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"சார், நேராவே கேக்குறேன். உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"ஒருத்தி இருக்கா சார்."

"அவ போனை நீங்க எடுத்துப் பாக்க மாட்டீங்க?"

இதற்குப் பொதுவாகச் சொல்ல ஒரு பதில் உண்டு. தனிப்பட்ட கேள்விகளுக்குத் துறை பதில் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது.

"புதன்கிழமை பாத்தேன் சார். அதாவது, பாக்க முயற்சி பண்ணேன். திறக்கல."

மேசை முழுக்க ஒரு அசைவு ஓடியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யாரோ செருமினார்.

"பாத்தீங்களா" என்றார் தாடிக்காரர், கேஸ் ஜெயித்த மாதிரி. "நல்லெண்ணத்தோடதானே எடுத்தீங்க?"

"அப்படித்தான் நினைச்சேன். ஆனா அவ மாடியிலேர்ந்து இறங்குற சத்தம் கேட்டதும் போனை வச்சுட்டு ஓடி வந்து உக்காந்துட்டேன். பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுட்டு இருந்தேன்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "நல்லெண்ணமா இருந்தா ஏன் சார் ஓடி வரணும்? அவ வந்து பாத்தா பாத்துட்டுப் போகட்டும்னு நின்னிருக்கலாமே."

அவருக்குப் பெண் கண்டக்டர் ஞாபகம் வந்தது. அந்தக் கணவரும் தினமும் மனைவி செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நல்லெண்ணத்தோடுதான் கையை நீட்டியிருப்பார். தன்னைப் பற்றி அந்தக் கணவர் எழுதினாலும் அந்தச் சொல்தான் வரும்.

"அந்தச் சொல்லை உள்ள விட்டா, எடுத்த எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க சார். நானே சொல்றேன் பாருங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். காது இரண்டும் சூடாக இருந்தது. சட்டைப்பைக் காகிதம் நெஞ்சில் குத்தியது.

இன்னொரு உறுப்பினர், வயதானவர், மெதுவாக, "எங்க வீட்டுல அவ என்னோடதைப் பாக்குறா. அதுக்கு ஏதாவது இருக்கா இதுல?" என்று கேட்டார். சிரிப்பு வெடித்தது. அந்த நேரம் பார்த்துத் தாடிக்காரரின் போன் மேசைமேல் அதிர்ந்தது. அவர் அதைச் சட்டெனக் குப்புறக் கவிழ்த்தார். பக்கத்திலிருந்தவர், "யாரும் பாக்க மாட்டோம்ணே, சும்மா நிமித்தி வைங்க" என்றார். தாடிக்காரர் நிமிர்த்தவில்லை. அதன் பிறகு விலக்கைப் பற்றி அதிகம் பேசவும் இல்லை.

சுருக்கெழுத்தம்மா பேனாவை நிறுத்தி, "மேடம், சார் வீட்டு விஷயத்தையும் குறிப்புல ஏத்தவா?" என்று கேட்டார்.

"வேணாம். வெளியிலயும் போகக் கூடாது" என்றார் தலைவி. பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "விலக்கு கிடையாது. ஆனா புகார் கொடுக்குற உரிமை போன் யாருடையதோ அவங்களுக்கு மட்டும். அவங்க வேணாம்னா வேணாம். சரியா?"

சரி என்றார்கள். உட்பிரிவு அதை எழுதிக்கொண்டார். தன் தலையெழுத்தை மகள் கையில் கொடுக்கிற வாக்கியத்தைத் தன் கையாலேயே எழுதினார், இலக்கணமாகவும் எழுதினார். மடித்த காகிதத்தை வெளியே வந்ததும் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். போட்டபின் குனிந்து, துண்டுகளில் தன் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். தட்டச்சு செய்ததில் எங்கிருந்து கையெழுத்து வரும்.

பஸ் பிடித்து அவர் தெருவுக்கு வருவதற்குள் வெளியே போகக் கூடாத விஷயம் வந்து சேர்ந்து, காபி குடித்து, ஓய்வும் எடுத்துவிட்டிருந்தது. மருந்துக்கடை அக்கா இந்தத் தடவை குனியவில்லை. எழுந்து நின்றார்.

"பேப்பரைத் தலைகீழாவா பிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ரகசியக் கூட்டம்க்கா அது."

"நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க வீட்டுலதான் சொன்னேன்."

மகள் கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றும் வரை நின்றாள்.

"பெரிய சபையில உண்மையைச் சொல்லிட்டீங்களாமே" என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு நடுவில் ஆள் இல்லாமல் வந்த முதல் வாக்கியம்.

"வாய் தவறி வந்துடுச்சு."

"வேணும்னே சொன்னேன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்." துண்டை அவர் கையில் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உண்டா இல்லையா என்பதை அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை முழுக்கக் கேட்கவில்லை. அது அவருடைய வாழ்நாளில் ஒரு சாதனை என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் போனைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். உட்பிரிவு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பாருங்கப்பா."

"வெளிப்படையான அனுமதியா?"

"வெளிப்படையானதுதான். பிடிங்க."

கையில் வாங்கினார். ஒரு அறை. சின்னக் கட்டில், ஜன்னல், சுவரில் ஒரு ஆணி. பெரிய கதவு.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலப்பா. நடந்தே போயிடலாம். அடுத்த மாசம் போறேன். அந்த ஹெல்மெட்காரர் வீட்டுத் தரகர். அக்கா அவருக்கு சட்டை தைக்கிற வரைக்கும் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

கல்யாணம் என்று மனதுக்குள் அச்சடித்த பத்திரிகையெல்லாம் வீணாகப் போயிருந்தது. அதற்குச் சந்தோஷப்படலாம் என்று நினைத்தால், சந்தோஷம் வரவில்லை. இது அதைவிடப் பக்கத்தில் வந்து குத்தியது. கல்யாணம் என்றால் ஊர் வழக்கம், யார் வீட்டிலும் நடப்பது. இது இந்த வீட்டை விட்டுப் போவது.

"நான் போனை எடுத்ததாலயா?"

"இல்லப்பா. அதுக்கு முன்னாலயே பாத்தாச்சு. நைட் டூட்டி முடிஞ்சு வந்து கதவைச் சாத்திட்டு நான் தூங்கணும். இங்க கதவைச் சாத்தினா என்னாச்சு என்னாச்சுன்னு மூணு பேர் தட்டுறீங்க."

"நாங்க ரெண்டு பேர்தானே?" என்றாள் அம்மா.

"மருந்துக்கடை அக்காவை விட்டுட்டீங்க."

உட்பிரிவு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்ல ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதில் இரண்டு பகுதி இருந்தது. இரண்டையும் விழுங்கினார்.

"தாழ்ப்பாள் நல்ல கனமா இருக்கு" என்றார்.

"ஆமா. அதைப் பாத்துதான் பிடிச்சுது."

"நான் அங்க வரலாமா?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு வாங்க. போன தடவை கேட்டது இந்தத் தடவைக்குச் செல்லாது. நீங்க எழுதினதுதான்."

"அடுத்த படம் பாக்கலாமா?"

"பாருங்க."

சமையலிடம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். குளியலறைக் குழாய். ஒவ்வொன்றுக்கும் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் பாருங்க என்றாள். அம்மா எரிச்சலில் விசிறியைப் போட எழுந்து போனாள். மாடிப்படி வந்தது. அதோடு முடிந்தது என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கட்டை விரல் தன் பழக்கத்தில் இன்னொரு தடவை நகர்ந்துவிட்டது. நெற்றியில் கண்ணாடி, பாதி திறந்த வாய், அழப்போகிற புருவம். அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு நான் அனுமதி கொடுக்கல" என்றாள் மகள். "இது முயற்சி இல்ல. முழுசாத் திறந்துட்டீங்க."

"புகார் கொடுக்குற உரிமை உனக்குத்தான்."

"தெரியும். தெருவே சொல்லுச்சு." இப்போது அவள் சிரித்தாள். பால்கனியிலிருந்து வரும்போது முகத்தில் மிச்சமிருக்குமே, அந்தச் சிரிப்பு. "பெட்டியெல்லாம் நீங்கதான் தூக்கணும். மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது."

"முழுத் தண்டனையா?"

"முழுத் தண்டனை."

சொன்னபடி தூக்கினார். அடுத்த மாதம் முதல் நாள், வேன் நின்றதும் முதல் பெட்டியை அவர்தான் தோளில் ஏற்றினார். அட்டைப்பெட்டிமேல் மகள் பட்டையான பேனாவால் 'அப்பா திறக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினாரே தவிர, ஒட்டு நாடாவில் கை வைக்கவில்லை. கூடத் தூக்கப்போன மருந்துக்கடை அக்கா இதற்குச் சாட்சி. இரண்டாவது மாடித் திருப்பத்தில், யாரும் இல்லை என்று நினைத்து, பெட்டியைக் காதுப் பக்கம் கொண்டுபோய் ஒரே ஒரு தடவை லேசாகக் குலுக்கிப் பார்த்தார் என்றும் அக்கா சொல்கிறார்.

அது வெறும் முயற்சிதான்.